பாட்டிலில் சேர்ந்த அரிசி

ரேசன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது என் மகன் ஜெகன்தான், மாதாவே, சாம்பல் புதன் அன்று காலையில். பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு வந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் போனை எடுத்தால் மஸ்கட்டிலிருந்து அவன் குரல் வந்து கிடந்தது. "யம்மா, அரிசியை நல்லாப் பாருங்க. வெள்ளையா மொழுமொழுன்னு ஒண்ணு ரெண்டு கிடக்கும். அது அரிசியே இல்ல, பிளாஸ்டிக். தங்கச்சி ரெமிலா புள்ளத்தாச்சி, அவளுக்கு அதப் போட்டுறாதீங்க. பொறுக்கி எடுத்துட்டுப் பொங்குங்க. எடுத்ததத் தூரப் போடாம ஒரு பாட்டில்ல சேத்து வைங்க, நான் லீவுல வரும்போது வீடியோ எடுத்துப் போடணும்." பின்னாலேயே ஒரு வீடியோ. முகம் காட்டாத ஒரு கை, பச்சைக்கல் மோதிரம் போட்ட கை, சோற்றை உருட்டித் தரையில் அடிக்கிறது. சோறு பந்து மாதிரி எழும்புகிறது. யார் கை அது, எந்த ஊர்க் கை, காலையில் என்ன சாப்பிட்ட கை, ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பச்சைக்கல் எனக்குத் தெரிகிறது. இத்தனை மாதமாக அரிசி பரப்பிய இந்தச் சுளகின் முன்னால் உட்கார்ந்து நான் பொறுக்கிக்கொண்டே இருப்பதற்கு அந்தக் கைதான் காரணம். இன்றைக்கும் உட்கார்ந்துவிட்டேன், பார். இனிமேல் பொறுக்க வேண்டாம் என்றுதான் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்தேன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையேதான் நினைத்தேன், காலையில் எழுந்ததும் கை தானாகவே சுளகை எடுத்துவிட்டது. உலை இன்னும் வைக்கவில்லை. உச்சிமணி அடிப்பதற்குள் வைத்தாக வேண்டும், அவளுக்குப் பசி வரும் நேரம் அதுதான், தப்பினால் பசியும் போய்விடும். உள் அறையில் படுத்திருக்கிறாள். காற்றாடி கடக் கடக் என்று ஒரு பக்கமாகத் தட்டுகிறது. மே மாதத்து வெக்கை இந்த வீட்டுவாரிய வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் போக மாட்டேன் என்கிறது. நீயோ அலமாரிக்கு மேல் உன் மாலையோடும் சீரியல் பல்போடும் நிற்கிறாய், உன் காலடியில் அந்தப் பாட்டில், சத்துமாவு வந்த பாட்டில், முக்கால்வாசி நிறைந்துவிட்டது. உன் வணக்க மாதமான இந்த மேயில் உனக்குப் பூ வாங்கி வைக்கிற இடத்தில் நான் அதை வைத்திருக்கிறேன். கோபப்படாதே.

புழுங்கல் அரிசி லேசாக மஞ்சள் ஓடியிருக்கும், அதனால் வெள்ளை தனியாகத் தெரிந்துவிடும். முதலில் கண்ணாடி போட்டுத் தேடினேன், இப்போது விரலே தேடிப் பிடிக்கிறது, மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் வழவழப்பு, ஓரம் கூர் இல்லாமல் எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை எடுக்கும்போது ஒரு அருள் நிறைந்த மரியே. அடுத்ததற்கு அடுத்தது. வெறுமனே பொறுக்கினால் கழுத்து வலிக்கிறது, ஜெபமாலை சொல்லிக்கொண்டே பொறுக்கினால் வலி தெரியவில்லை, அப்படித்தான் ஆரம்பித்தது. திங்களும் சனியும் சந்தோஷ தேவ ரகசியம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம். தாயே, இந்த விஷத்தை எல்லாம் என் பிள்ளை வயிற்றுக்குப் போகாமல் என் விரலுக்குக் காட்டிக் கொடு என்று சொல்லிச் சொல்லி எடுத்தேன். நீயும் காட்டினாயே. ஒன்று விடாமல் காட்டினாயே. நேற்று அந்த நர்ஸம்மா ரத்தம் பார்த்துவிட்டுக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மார்ச்சுல ரத்தம் பத்து இருந்துச்சு, இப்ப எட்டுக்குக் கீழ வந்துட்டுதே. மாத்திரை போடுறியாம்மா?" "போட்டா வாந்தி வருது சிஸ்டர்." "சாப்பாடு?" "ரேசன் அரிசிச் சோறும் கஞ்சியும்தான். அம்மா வெள்ளையை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுத்தான் பொங்கும்." என் பிள்ளை அதைப் பெருமையாகத்தான் சொன்னாள், மாதாவே, எங்கம்மா எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாள் என்கிற மாதிரி. நர்ஸம்மா பேனாவை மூடினாள். "அத ஏம்மா எடுத்தீங்க? அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து எல்லாம் சேத்து, மறுபடி அரிசி மாதிரியே செஞ்சு கலக்குறது அது. அது மட்டுமே போதாது, மாத்திரை வேணுந்தான், நான் வேற மாத்திரை தாரேன், சாப்பிட்ட பிறகு போடு. இருக்கறதையும் எடுத்துட்டா எப்படி?" திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம், ஏறாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டி வரும் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வெளியே பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், அவளும் மகளைக் கூட்டி வந்தவள்தான், என் கையில் கடலைமிட்டாய் ஒன்றை வைத்து மெதுவாகச் சொன்னாள்: "அவுக அப்படித்தான் சொல்லணும் அக்கா. மேல இருந்து சொல்லச் சொல்லியிருப்பாங்க." நல்ல முகம் அவளுக்கு. பொய் சொல்கிற முகமே இல்லை. நர்ஸம்மாவுக்கும் பொய் சொல்கிற முகம் இல்லை. ஜெகன் முகம் எனக்குத் தெரியும், நான் பெற்ற முகம். மோதிரக்காரனுக்கு மட்டும்தான் முகமே கிடையாது, அவன் சொன்னதைத்தான் நான் செய்தேன். இதோ, பேசிக்கொண்டே ஒன்று எடுத்துவிட்டேன். தட்டில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்துவிட்டது. திருப்பிப் போடவா, வேண்டாமா. பல்லில் ஒன்றைக் கடித்துப் பார்க்கிறேன். மாவு மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே, குடத்தை யார் கடித்துப் பார்த்தது.

தண்ணீரில் போட்டும் பார்த்திருக்கிறேன். மிதக்கிறது. "பாத்தீங்களா யம்மா, அரிசி முங்கும், பிளாஸ்டிக்தான் மிதக்கும்" என்றான் ஜெகன். மிளகாய் விதையும் மிதக்கிறது, அவன் அப்பா மீன்பிடிக்க ஏறிப் போன வள்ளமும் மிதந்தது, மிதக்கிறதெல்லாம் பிளாஸ்டிக்கா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பயந்தவளுக்குக் கேள்வி வராது. டிவியில் ஒரு நாள் இதைத்தான் பேசினார்கள். நாலு கட்டத்தில் நாலு பேர், நடுவில் ஒருவர் கையை நீட்டி நீட்டி. ஏழைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்றார் ஒருவர். ரத்தசோகையில் பெண்கள் சாகிறார்களே அது உங்களுக்குப் பரவாயில்லையா என்றார் இன்னொருவர். யார் ஆட்சியில் ஆரம்பித்தது என்று மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள், நாலு பேரும் சேர்ந்து பேசினார்கள், கீழே சிவப்பில் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, விளம்பரம் வந்தது. கடைசி வரைக்கும் அடுப்பில் ஏற்றுகிற உலையில் என்னத்தைப் போடுவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ரேசன் கடைச் சுவரில் சொல்லியிருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதன் மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். செறிவூட்டப்பட்ட என்கிற வார்த்தை மட்டும் செத்தவர் தலைக்கு மேல் தெரிந்தது. எட்டாவது வரை படித்தவள் நான், அந்த வார்த்தையை அதற்கு முன்னால் கேட்டதில்லை. வரிசையில் நின்றவளிடம் கேட்டேன். "ஏதோ சத்தாம் அக்கா. தேர்தல் வருதுல்லா" என்றாள். எல்லோரும் சிரித்தோம், சர்க்கரை போட்டார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உப்புக்கும் இப்படித்தான் நடந்தது. என் கல்யாணத்துக்கு முன்னால், பாக்கெட்டில் மருந்து கலந்த உப்பு வந்தபோது, உப்பளத்து ஊர்க்காரிகள் நாங்கள், எங்களுக்கே உப்பா என்று கேலி பண்ணினார்கள், அதைத் தின்றால் பிள்ளை பிறக்காது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அம்மா அந்தப் பாக்கெட்டைக் கோழிக்கூட்டுக்கு மேல் வைத்தவள் எடுக்கவே இல்லை. பிறகு எப்போது நாங்கள் எல்லோரும் அந்த உப்பையே சாப்பிட ஆரம்பித்தோம்? யாரும் வந்து சொல்லவில்லை, யாரும் தப்பென்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. பயம் வரும்போது சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. போகும்போது போனதே தெரிவதில்லை. அதற்குள் யார் யாருக்கு என்ன ஆனதோ.

இன்று காலையில் ஜெகனிடம் சொன்னேன், மாதாவே. நர்ஸம்மா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். "யம்மா, அது கவர்மெண்டு சம்பளம் வாங்குது. அது வேற என்ன சொல்லும்?" என்றான். "ஆஸ்பத்திரியே கவர்மெண்டுதானலே, பிரசவத்துக்கு அங்கதானே போகப் போறோம்" என்றேன். "அது வேற, இது வேற யம்மா." போனை வைத்த கையோடு மூன்று வீடியோ அனுப்பினான். ஒன்றில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர், ஏதோ ரத்த நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது என்கிறார். அவர் டாக்டரா, கோட்டு மட்டுமா, தெரியவில்லை. அந்த நோய் என் பிள்ளைக்கு இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கு எப்படித் தெரியும். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அங்கிருந்து அவனால் தங்கச்சிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து கொடுக்க முடியாது. கையில் இருப்பது போன் ஒன்றுதான், அதில் வருவதை அனுப்புகிறான். அவனை இப்படிப் பயந்து பயந்து அனுப்புகிறவனாக ஆக்கியதும் எங்கள் ஊர்க் கடல்தானே. சுனாமிப் பேரலை வந்து போன வாரத்தில், செத்தவர்களை இன்னும் எடுத்துக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு மத்தியானம் யாரோ பைக்கில் கத்திக்கொண்டே போனான், கடல் வருது, கடல் வருது என்று. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ரெமிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஜெகனைக் கையில் இழுத்துக்கொண்டு செம்மணல் தேரி மேட்டுக்கு ஓடினேன், என் செருப்பு எங்கே போனதென்றே தெரியாது. மேட்டில் ஊரே நின்று மூச்சு வாங்கியது. கடல் வரவில்லை. அப்படியே நீலமாகப் படுத்துக் கிடந்தது. சாயங்காலம் ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள், ஓடும்போது எந்தக் கிழவன் வேட்டி அவிழ்ந்தது என்று சிரித்தார்கள். ஜெகன் மட்டும் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "யம்மா, யாரு சொன்னா?" இன்றைக்கு வரைக்கும் அது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் முந்தின தடவை, கடல் நிஜமாகவே வந்தபோது, ஒருவரும் வந்து சொல்லவில்லையே. அதுதான் அவன் மனதில் நின்றுவிட்டது போல. அதற்குப் பிறகு எதற்கும் முதலில் கத்துகிறவன் அவன்தான். நான் ஓடினது தப்பா, மாதாவே? பிள்ளையை வைத்துக்கொண்டு, உண்மையா பொய்யா என்று நின்று பார்த்துவிட்டு எவள் ஓடுவாள்? கஞ்சி தீய்ந்து போனது, அவ்வளவுதான் நஷ்டம், ஓடினவரைக்கும் நல்லது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஓடினதில் பிள்ளையின் ரத்தம் போய்விட்டதே. போட்டால் ஒரு பயம், போடாவிட்டால் ஒரு பயம். இரண்டுக்கும் கை என்னுடையதுதான். மேலே இருந்து சொன்னவர்கள் யாரும் இந்தச் சுளகுக்குப் பக்கத்தில் வந்து உட்காரப் போவதில்லை. உலைக்கு நேரமாகிறது. தட்டிலிருக்கிற இந்தக் குவியலைப் பாட்டிலில் போட்டுவிட்டு யோசிக்கலாம், தினமும் செய்வதுதானே, பிறகு யோசிக்கலாம் என்று எழுந்து உன் காலடியிலிருந்து பாட்டிலை எடுக்கிறேன், மூடியைத் திருகுகிறேன், உள்ளே ஏதோ நகர்கிறது.

வண்டு. கண் மங்கலாகிறதோ என்று சேலையால் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், வண்டுதான், கறுப்பாகக் கடுகு அளவில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அடியில் மாவு படிந்திருக்கிறது. ஒன்றிரண்டை உள்ளங்கையில் தட்டிப் பார்க்கிறேன், வெள்ளை அரிசியில் துளை, ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை, உள்ளே வெறும் கூடு. தின்றிருக்கிறது. உட்கார்ந்து குடும்பத்தோடு தின்றிருக்கிறது. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் வாளி எத்தனை வருஷமாகக் குளியலறையில் கிடக்கிறது, ஒரு வண்டு அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. "ஏ பிள்ள ரெமிலா" என்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி கூப்பிடுகிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிறாள், உதடு வெளுத்துப்போய், கண்ணுக்குக் கீழே கறுப்பாக. "என்னம்மா, ஆராய்ச்சி முடிஞ்சுதா? அண்ணன்கிட்ட நர்ஸ் சொன்னதச் சொன்னீங்களா?" "சொன்னேன்." "என்ன சொன்னான்?" "மூணு வீடியோ அனுப்பிச்சான்." சிரிக்க வாயெடுத்தவள் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பிறகு நிஜமாகவே சிரித்துவிட்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளை சிரித்து எவ்வளவு நாளாகிறது, "யம்மா, வண்டுகிட்ட போன் இல்லல்ல, அதான் பயப்படாமத் தின்னுருக்கு" என்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் பார்க்கவில்லை, போனை எடுக்கப் போயிருந்தாள். "அண்ணனுக்கு எடுத்து அனுப்புவோம். பாட்டிலச் சாச்சுப் பிடிங்க." பிடிக்கிறேன். "கையை மட்டும் எடுக்காத ஏட்டி. என் மூஞ்சியும் தெரியட்டும்" என்கிறேன். "எண்ணெய் வடியுதும்மா." "வடியட்டும். யாரு சொன்னதுன்னு தெரியணும்லா." எடுத்து அனுப்பினாள். இரண்டு கோடும் நீலமாக மாறிவிட்டது, பார்த்துவிட்டான். பதில் வரவில்லை. வந்தாலும் வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். வண்டு தின்றுவிட்டதால் அது மருந்து என்று ஆகிவிடாது, அதுவும் எனக்குத் தெரிகிறது, மாதாவே. அவ்வளவு முட்டாள் இல்லை நான். ஆனால் அந்த மோதிரக்கை சொன்னது பொய் என்று ஆகிவிட்டது, ஒரு பொய் விலகினால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் கொஞ்சம் தெரிகிறது. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாளே, அந்த முகம். ரத்த நோய் என்று கோட்டுக்காரர் சொன்னாரே, அதையும் அடுத்த வாரம் அவளிடமே கேட்டுவிடுகிறேன். தட்டிலிருந்த குவியலைச் சுளகில் கொட்டிக் கையால் கலந்துவிட்டேன். இனி எது எதென்று தெரியாது. ஒரே தண்ணீரில் களைந்தேன். மேலே மிதந்ததைச் சிந்தவிடாமல் விரலால் தடுத்து உள்ளே தள்ளினேன். கஞ்சியை வடிக்க மாட்டேன், பொங்கவிட்டு அப்படியே இறக்குவேன். பாட்டிலில் இருப்பதை என்ன செய்ய? வண்டு விழுந்ததைப் பிள்ளைத்தாச்சிக்குப் போட முடியாது. அத்தனை மாதச் சத்து, என் பிள்ளை வயிற்றுக்குப் போயிருக்க வேண்டியது, அந்தக் கறுப்புப் பூச்சிகள் தின்று கொழுத்திருக்கின்றன. மாடிக்குக் கொண்டுபோய்க் குருவிக்குப் போடுகிறேன். உன் காலடியில் பாட்டில் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசி இல்லாமல் கிடக்கிறது. ஒவ்வொன்றாக எடுக்கும்போது ஒவ்வொரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், உனக்கே தெரியும், அவ்வளவையும் நீதானே வாங்கிக்கொண்டாய். வெளியே எடுக்கும்போது சொன்னதை உள்ளே போடும்போது சொன்னதாக மாற்றி எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. அது பெரிய விஷயம், உன் பாடு. உலை கொதிக்கிறது. கோயிலில் உச்சிமணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ரெமிலா தட்டைக் கழுவிக்கொண்டு வந்து, இந்த வெக்கையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், பசிக்குது என்கிறாள், அவளாகவே சொல்கிறாள். தாயே, நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு இந்த ஒரு வேளை அவளுக்கு வாந்தி வராமல் பார்த்துக்கொள்.